ஈரக் கொழுந்தும் கொக்கட்டீல் குஞ்சும்

தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது, எந்தப் பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கும், எது விட்டுவிடும் என்றெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கி, மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலரைச் சாதாரண தரத்தில் கரையேற்றியிருக்கிறேன். அந்த என்னை இதே பாடத்தில் கண் மூடித் திறப்பதற்குள் கோட்டை விட வைத்தது ஒரு பறவைக் குஞ்சு. அதன் முழு எடை ஒரு பாடப் புத்தகத்தின் பாதிகூட இல்லை.

2025 ஜனவரிக் கடைசியில் பதுளையில் கொக்கட்டீல் வளர்க்கும் ஒருவரிடம் அதை வாங்கினேன். பிறந்து மூன்று வாரம் ஆகவில்லை என்றார். உடம்பெல்லாம் உறை பிரியாத இறகுக் குருத்து. தலையில் கொண்டை வர வேண்டிய இடத்தில் நாலைந்து மஞ்சள் குச்சி. வயிறு வெறும் தோல். கையால் ஊட்டி வளர்த்தால் மனிதரோடு ஒட்டிக்கொள்ளும், தோளில் ஏறி உட்காரும், விசில் அடிக்கும் என்று சொல்லிவிட்டு, எப்படி ஊட்டுவது என்று விளக்கத் தொடங்கினார். ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் விளக்கும்போது காது கேட்காது. அவர் சொல்லச் சொல்ல நான் “ஆமா, ஆமா, தெரியும்” என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குக் குஞ்சு பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விலை. அப்போது தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், 1,350 ரூபாய். ஆயுளெல்லாம் கொழுந்தெடுத்து ஓய்ந்த அம்மாவுக்கு எந்தச் சாமானின் விலையையும் பேர்க் கணக்கில் மாற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சப்பாத்து வாங்கினால் இத்தனை பேர், போன் வாங்கினால் இத்தனை பேர். ஆகவே குஞ்சின் விலையை நன்றாக வெட்டிக் குறைத்து, ஒரு பேருக்குள் அடக்கிச் சொன்னேன். அதற்கே, “இந்தத் தோலுக்கு ஒரு பேரா?” என்றார். உண்மை விலையை எழுதிய துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சட்டையைத் துவைத்தவரும் அம்மாதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னை “மாஸ்டர்” என்றே கூப்பிட்டார்.

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு வரும் பஸ்ஸில், துணி விரித்த பெட்டியை மடியில் வைத்து, நாலு பக்கமும் சனம் நெருக்க, வளைவு வளைவாக ஏறி வந்தேன். அன்றைக்குக் குஞ்சுக்கு ஒழுங்கான சூடு கிடைத்தது அந்த நெரிசலில் மட்டும்தான் என்பது நடுச்சாமத்தில்தான் தெரிந்தது.

கொக்கட்டீல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. கொக்கட்டூ குடும்பத்தில் எல்லோரிலும் சின்னது. மரப்பொந்துக்குள் முட்டையிடும். தாயும் தகப்பனும் முறை வைத்து அடைகாக்கும். பகலில் பெரும்பாலும் தகப்பன், இரவில் தாய். பொரித்த குஞ்சுக்கு இருவரும் ஊட்டுவார்கள். இருட்டு, கதகதப்பு, பக்கத்தில் கூடப்பிறந்த குஞ்சுகளின் உடம்புச் சூடு என்று மூன்றும் சேர்ந்ததுதான் அதன் பிள்ளைக்காம்பரா. ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவைகளை விற்பனைக்கு வெளியே விடுவதில்லை. ஆகவே நம் கடைகளில் இருப்பவை எல்லாம் எப்போதோ கப்பலேறிப் போன பாட்டன் பூட்டன்களின் வாரிசுகள். எங்கள் லயத்தில் இந்தக் கதைக்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. நாங்களும் அப்படி வந்தவர்கள்தானே.

மடுல்சீமையின் பனியைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிட்டமாறுவ ஓரத்தில் கூடாரம் அடித்து, காலையில் மேகத்துக்கு மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே பனிதான் இரவில் எங்கள் தகரக் கூரை இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்காகத்தான் பெட்டிக்குள் பல்ப் போட்டேன். புத்தம் புதிய பல்ப், ஒன்பது வொட், எல்.ஈ.டி. பெட்டி முழுக்க வெள்ளை வெளிச்சம். குஞ்சு கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கியது. வெளிச்சத்துக்குப் பழகும் என்று நினைத்து, அதற்குக் கஞ்சி கரைத்தேன்.

மாவைத் தண்ணீரில் கரைத்து, சூடு பார்த்து, பாமசியில் வாங்கிய ஊசியில்லாச் சிரிஞ்சால் ஊட்ட வேண்டும். சூடு 39க்கும் 41 பாகைக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குஞ்சு வாங்காது, வாங்கினாலும் செரிக்காது. 43ஐத் தாண்டினால் கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையின் தோல் வெந்து ஓட்டை விழலாம். நான் விரலை விட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரில் விறைத்துப்போன விரலுக்கு எந்தத் தண்ணீரும் சுடும். ஆகவே ஆறிப்போன கஞ்சியை “நல்ல சூடு” என்று தீர்மானித்துவிட்டேன்.

அடுத்தது, எந்தப் பக்கம். பறவையின் உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாக இறங்குகிறது. அதனால் அதன் அலகின் இடது ஓரத்தில் சிரிஞ்சை வைத்து, வலப்பக்கம் பார்த்துச் சாய்த்துக் கொடுப்பது வழக்கம். மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. குஞ்சு எனக்கு எதிரே இருந்தது. நான் என் இடது பக்கத்தை அதன் இடது பக்கம் என்று நினைத்து ஊட்டினேன். குஞ்சு தும்மியது, என் கண்ணாடியெல்லாம் கஞ்சி. ஆடியில் தோன்றும் விம்பத்தின் இடவல மாற்றம் என்ற பாடத்தையும் எங்கள் பாடசாலையில் நான்தான் எடுக்கிறேன்.

வாங்க மறுத்த குஞ்சைக் கெஞ்சிக் கொஞ்சி, ஒரு வழியாகத் தீனிப்பை புடைக்கிற அளவுக்கு ஏற்றிவிட்டேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று விற்றவர் சொன்னது மட்டும் காதில் விழுந்திருந்ததால், நாலு மணி நேரம் கழித்துத் திரும்பவும் கரைத்துக்கொண்டு போனேன். முன்பு கொடுத்தது அப்படியே நின்றது. தொட்டுப் பார்த்தால் மாவு உருண்டை. குஞ்சு சத்தம் போடவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

நடுச்சாமத்தில் ஒரு நண்பன் மூலம் மிருக வைத்தியர் ஒருவரின் போன் நம்பர் பிடித்தேன். நல்ல மனிதர், தூக்கக் கலக்கத்தோடு கேட்டார்.

“குஞ்சு குளிர்ந்திருக்கா, பாருங்க.”

“கொஞ்சம் குளிர்ச்சியாத்தான் இருக்கு.”

“அப்ப தீனிப்பை வேல செய்யாது. சூடு முதல்ல, சாப்பாடு பிறகு. பெட்டிக்குள்ள சூட்டுக்கு என்ன வச்சிருக்கீங்க?”

“பல்ப்.”

“எந்த பல்ப்?”

“எல்.ஈ.டி.”

மறுமுனையில் சத்தமில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: “மாஸ்டர் எந்தப் பாடம் படிப்பிக்கிறீங்க?”

“தமிழ்” என்றேன்.

தமிழாசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை. இழை பல்புக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு சூடாக வீணாகிறது, எல்.ஈ.டி.யில் அந்த வீண் மிகக் குறைவு, அதனால்தான் நாடே மாறிக்கொண்டிருக்கிறது என்று அந்த வாரம்தான் தரம் பதினொன்றுக்கு மீட்டல் வகுப்பில் சொல்லியிருந்தேன். என் பெட்டிக்கு வேண்டியிருந்தது அந்த வீண்தான்.

அம்மா எழுந்து வந்தார். திட்டவில்லை. மிலாறு விறகு போட்டு அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்து, பழைய போத்தல் ஒன்றில் ஊற்றி, என் குளிர்ச் சட்டையின் கையை வெட்டி அதற்கு மாட்டிப் பெட்டிக்குள் வைத்தார். புதுக் குளிர்ச் சட்டை. நானும் எதுவும் சொல்லவில்லை. குஞ்சு சூடான பிறகு வைத்தியர் சொன்னபடி துளி வெந்நீர் கொடுத்துத் தீனிப்பையை விரல் நுனியால் மெல்லத் தடவினேன். விடியற்காலையில் மாவு இறங்கத் தொடங்கியது. குஞ்சு என்னைப் பார்த்து முன்னும் பின்னும் ஆடிச் சீறியது. அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். பயந்த கொக்கட்டீல் குஞ்சு அப்படித்தான் ஆடிச் சீறும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இழை பல்ப் தேடி மடுல்சீமைக் கடைவீதியில் அலைந்தேன். “அதெல்லாம் இப்ப யாரு சேர் வாங்குறா?” என்று கேட்டார்கள். பசறையில் ஒரு கடையில் பழைய சரக்காகக் கிடந்தது. அதை ஓட்டை போட்ட பால்மா டின்னுக்குள் மாட்டிப் பெட்டிக்கு இருட்டும் சூடும் சேர்த்துக் கொடுத்தேன். பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானி ஒன்றையும் எடுத்து வந்தேன். பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டா என்று கேட்காதீர்கள். திருப்பி வைத்துவிட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். இறகுக் குருத்து விட்ட வயதுக்குப் பெட்டிக்குள் சுமார் 30 பாகை வேண்டும். பல்பை முன்னே பின்னே நகர்த்தி அதைக் கொண்டுவந்தபோது எனக்கு நோபல் பரிசு கிடைத்த சந்தோஷம்.

சந்தோஷம் வந்தால் எனக்கு உடனே தலைக்கனமும் வரும். பகலில் ஊட்டும் வேலையை அம்மாவிடம் விட மனமில்லை. “அது நுணுக்கமான வேல” என்று சொல்லி, நாலு பிள்ளை வளர்த்த அம்மாவை விட்டுவிட்டு, குஞ்சைப் பாடசாலைக்குத் தூக்கிப் போனேன். ஆசிரியர் அறையில் அது பசிக்கு எழுப்பிய கரகரச் சத்தத்தில், அதிபர் மின்விசிறி பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டார். வீட்டிலும் அதே கதைதான். எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் நாலாவது காம்பராவில் “நூறு வயசு” என்பார்கள். “சேர் வீட்டுல விடிய விடிய என்ன மிசின் ஓடுது?” என்று விசாரணை நடந்தது.

ஆய்வுகூடத் தராசு கையில் இருக்கும்போது வளர்ச்சி வரைபு கீறாமல் இருக்க முடியுமா? குஞ்சை ஊட்டி முடித்து, வாய் துடைத்து, தராசில் வைத்து, கிராமைக் குறித்து, வரைபுத்தாளில் புள்ளி வைத்தேன். கோடு அழகாக ஏறியது. பிள்ளைகளுக்கும் காட்டினேன். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை எழுந்து, “சேர், சாப்பிட்ட பொறகு நிறுத்தா யாருக்கும் கூடத்தானே?” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, “அதைத்தான் உங்களுக்கு விளங்குதான்னு பார்த்தேன்” என்றேன். யாரும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

“மழையில நனஞ்ச கொழுந்தக் கொண்டு போனா, மடுவத்துல தண்ணிக்கின்னு கிலோவக் கழிச்சிட்டுத்தான் பேர் போடுவாங்க. சாக்குக்கும் கழிப்பாங்க. நீ கஞ்சியோட நிறுத்து சந்தோசப்படுற. கங்காணி உன்ன மாதிரி இருந்திருந்தா நாங்க எல்லாம் மாடி வீடு கட்டியிருப்போம்.”

ஈரக் கொழுந்து கணக்குப்படி அடுத்த நாள் காலையில், வெறும் வயிற்றில் நிறுத்தேன். வரைபில் ஏறியிருந்தது குஞ்சல்ல, கஞ்சிதான். குஞ்சு கொஞ்சம் இறங்கியே இருந்தது. அன்றோடு பகல் ஊட்டல் அம்மாவின் கைக்குப் போனது. அவர் தராசைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. தீனிப்பையைத் தடவிப் பார்ப்பார். இறங்கியிருந்தால் கரைப்பார், இல்லையென்றால் விட்டுவிடுவார். வரைபுக்கோடு அதற்குப் பிறகுதான் உண்மையாக ஏறியது. வரைபைக் கீறியவன் என்ற பெருமை எனக்கு மிச்சம்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் சரியாக இருந்தேன், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். பக்கத்துக் காம்பரா அத்தை பல காலம் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். தோட்டத்தில் பாதிப் பேர் அவர் மடியில் வளர்ந்தவர்கள்தான். “எதுக்குத் தம்பி காசக் கொட்டி மாவு வாங்குற? திரிபோஷயக் கரைச்சு ஊட்டு” என்றார். அந்தச் சத்துமாவில் பால்மா இருக்கிறது, பாற்சீனியைச் செரிக்கும் நொதியம் பறவைகளுக்கு இல்லை, பாலூட்டாத இனம் என்று ஒரு பாடமே நடத்தினேன். அத்தை அமைதியாகக் கேட்டுவிட்டு, “சரி, உன்ட பாக்கெட்டுல என்னா இருக்கு, வாசி” என்றார். வாசித்தேன். மக்காச்சோளம், சோயா. “பாலக் கழிச்சா ரெண்டும் ஒண்ணுதானே, அந்தப் படத்துக்கா காசு?” என்றார். விற்றமின்கள் வேறு இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தபோது அத்தை போய்விட்டார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பதினொன்று, பதினொன்றரை இருக்கும், கறண்ட் போனது. போனால் வழக்கமாக லயத்துக்குப் போகும், இல்லையென்றால் தோட்டத்துக்குப் போகும். அன்றைக்கு இலங்கை முழுக்கப் போய்விட்டது. டின்னுக்குள் பல்ப் ஆற ஆற எனக்குக் கோபம் ஏறியது. அரசாங்கத்தைத் திட்டினேன், முந்தின அரசாங்கத்தைத் திட்டினேன், மின்சாரம் கண்டுபிடித்தவர்கள் வரை போய்விட்டேன். பிறகு செய்தி வந்தது: பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து மின்மாற்றியில் பட்டுவிட்டதாக எரிசக்தி அமைச்சர் சொன்னார். பாணந்துறைக் குரங்கு ஒன்று மடுல்சீமைக் குஞ்சின் குளிருக்குக் காரணமாகும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

அம்மா பெட்டியை அடுப்படிக்குத் தூக்கினார். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு, புகை அதற்கு நம்மைவிடப் பல மடங்கு கெடுதி, ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவு மீறிச் சூடானால் வரும் ஆவியே பறவையைக் கொன்றுவிடும் என்று நான் குறுக்கே நின்றேன். எங்கள் வீட்டில் ஒட்டாத தாச்சி கிடையாது. இருந்தாலும் அந்தப் பகுதியையும் சொன்னேன், படித்தது வீணாகக் கூடாது அல்லவா? கடைசியில் அடுப்பு குசினியிலும் பெட்டி காம்பராவிலுமாக, வெந்நீர்ப் போத்தல் மட்டும் நடுவில் ஓடியது. ஓடியவன் நான். மாலையில் கறண்ட் வந்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் இயந்திரங்கள் நின்றதால் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. குளிர்ச் சட்டையின் மற்றக் கையும் போனது.

பால்குடி மறக்கடிப்பதில் நான் செய்தது வேறு விதமான கூத்து. கொக்கட்டீல் ஏழிலிருந்து பத்து வாரத்துக்குள் தானாகக் கொத்தித் தின்னத் தொடங்கும், கஞ்சியைத் தானே குறைத்துக்கொள்ளும். நான் தேதி குறித்தேன். மார்ச் நடுவில் என் பிள்ளைகள் சோதனை மண்டபத்துக்குள் போகும் அன்றே குஞ்சும் கஞ்சியை விட வேண்டும். நல்ல நேரம் பார்த்தாயிற்று, பதுளையில் தினையும் சாமையும் வாங்கியாயிற்று. கிண்ணத்தில் போட்டு எதிரே உட்கார்ந்தேன். அது கிண்ணத்தின் மேல் ஏறி நின்று கத்தியது. நானே கொத்துவது போல் விரலால் தட்டிக் காட்டினேன். அது விரலைக் கடித்தது. மெலியத் தொடங்கியதும் பயந்து திரும்பவும் சிரிஞ்சை எடுத்தேன். பிறகு ஒரு நாள் அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து சுளகில் குரக்கன் புடைத்துக்கொண்டிருந்தார். குஞ்சு மடியிலிருந்து இறங்கி, சுளகில் ஏறி, அவர் விரல் போகும் இடமெல்லாம் பின்னால் போய்க் கொத்தியது. கூட்டமாக வாழும் பறவை, பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துத்தான் தின்னப் பழகும். என்னைப் பார்த்து அது பழகியிருந்தால் கிண்ணத்துக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

அதே வாரம் பக்கத்து வீட்டுப் பொடியன், லயத்துக் கோடியில் நிற்கும் மரத்திலிருந்து பழுத்த பட்டர்புரூட் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு துண்டை அதன் வாயருகே நீட்டிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் அவனும் பயந்தான், குஞ்சும் பயந்தது. எங்கள் ஊவாவில் அது பிள்ளைகளுக்குச் சத்துள்ள பழம். அதில் இருக்கும் பேர்சின் என்ற பொருள் பறவைகளின் இதயத்தைத் தாக்கி உயிரையே எடுக்கும். அவனுக்கு அதை விளக்கிச் சொன்னேன். “அப்ப நான் சாப்பிடலாமா, சேர்?” என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அவன் சாப்பிட்டான்.

பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தது போல் நடித்தேன் என்பதுதான் சரி. எல்லப் பக்கமெல்லாம் இராவணன் பேச்சு என்பதால், கொண்டை வைத்த இந்த வீரனுக்கு “இராவணன்” என்று பெயர் வைத்தேன். சாம்பல் நிறக் கொக்கட்டீலில் முதல் இறகு உதிர்ப்பு முடியும்வரை ஆணா பெண்ணா என்று பார்வையில் சொல்ல முடியாது. ஆண்தான் மெட்டுக் கட்டி விசில் அடிக்கும், முகம் பளிச்சென்று மஞ்சளாகும். இராவணன் விசில் அடிக்கவே இல்லை. மௌனம் அதன் கம்பீரம் என்று வருகிறவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். வருஷம் திரும்பி, அம்மாவின் சேலைப் பெட்டிக்குப் பின்னால் இராவணன் முட்டையிட்டது. இப்போது பிள்ளைகள் மண்டோதரி என்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், தானாகத் தின்னத் தெரியாத குஞ்சை நான் வாங்கியிருக்கவே கூடாது. தாயும் தகப்பனும் முறை போட்டுச் செய்யும் வேலையை, பாதி கேட்டும் பாதி தலையாட்டியும் ஏற்றுக்கொண்டேன். எதற்கு? என் தோளில் ஒரு பறவை உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்கு. தாய் தகப்பன் ஊட்டி வளர்க்க, நாம் தினமும் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பழக்கினாலும் கொக்கட்டீல் ஒட்டிக்கொள்ளும். அப்படி வாங்கியிருந்தால் என் குளிர்ச் சட்டைக்கு இன்றைக்கும் இரண்டு கை இருந்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது வாயை மூடிக்கொண்டிருந்தேனா? பசறையிலும் லுணுகலையிலும் யார் குஞ்சு வாங்கினாலும் எனக்குத்தான் போன் வருகிறது. இஸ்தோப்பில் நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, “சூடு முதல்ல, சாப்பாடு பிறகு. வெறும் வயித்துல நிறுங்க. தேதி குறிக்காதீங்க” என்று ஏதோ நானே கண்டுபிடித்தது போலச் சொல்வேன். குரலும் தானாகவே அந்த வைத்தியரின் குரலாக மாறிவிடும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் மரியாதையோடு “ஓகோ, ஓகோ” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, குசினியிலிருந்து, போனில் தெளிவாக விழுகிற மாதிரி, அம்மா கத்துவார்:

“அந்த பல்ப் கதையயும் சொல்லு!”